ஃபேமிலி லிங்க்: நெடுநாள் பயன்பாட்டில் தேறியதும் தேறாததும்

பிள்ளைகளின் போன் நேரத்தைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப்பை நிறுவியவுடன் எல்லோரும் முதலில் கைவைப்பது தினசரி வரம்பில்தான். போகப்போகத் தெரிவது வேறு: இரவுப் பூட்டும் ஆப்வாரி வரம்பும்தான் உருப்படியாக வேலை செய்கின்றன.

தினசரி வரம்பு ஒவ்வொரு கருவிக்கும் தனிக்கணக்கு. 1 மணி நேரம் வைத்தால் போனில் ஒரு மணி, டேப்லெட்டில் இன்னொரு மணி. பாட ஆப்பும் கார்ட்டூனும் ஒரே கணக்கில் கரைவதால், வீட்டுப்பாடத்தின் நடுவில் போன் பூட்டிக்கொள்ளும். படிப்புக்கான ஆப்பை 'எப்போதும் அனுமதி'யில் போட்டு, யூடியூபுக்கு 30 நிமிடம், கேமுக்கு 20 நிமிடம் என்று பிரித்து வைத்தால் இந்தத் தொல்லை தீரும். குரோமை மட்டும் அந்த அனுமதிப் பட்டியலில் சேர்க்காதீர்கள். யூடியூப் ஆப் பூட்டியதும் அதே வீடியோ குரோமில் ஓடும். பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம்கூட ஆகாது.

உண்மையான சண்டை பூட்டு விழும் நொடியில்தான். ஆட்டம் பாதியில் அறுந்தால் எந்தப் பிள்ளையும் கத்தத்தான் செய்யும். அதனால் பேச்சை 'இன்னும் ரெண்டு எபிசோட்' என்று வைத்துக்கொண்டு, பூட்டை அதற்கு 10 நிமிடம் பின்னால் தள்ளி வையுங்கள். பிள்ளை தானாகவே போனை வைத்துவிடும் நாட்களில் பூட்டு விழவே விழாது. ஆட்டோபிளேயை அணைக்காமல் இது நடக்காது. அடுத்தது தானாக ஓடினால் எபிசோடுக்கு முடிவேது? கூடுதல் நேரம் தரும் வசதியை நோய், பயணம் போன்ற நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம். கெஞ்சினால் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் தினமும் ஏலம்தான்.

நீங்கள் வரம்பை மாற்றினாலும் பிள்ளையின் போனில் நெட் இருந்தால்தான் அது போய்ச் சேரும். நெட் இல்லாத இடத்தில் பூட்டிக்கொண்டால், பெற்றோர் ஆப்பில் காட்டும் அணுகல் குறியீட்டைப் போட்டுத் திறக்கலாம்.

ரூட்டரில் பிள்ளையின் கருவிக்கு மட்டும் வைஃபையை நிறுத்துவது சிம் இல்லாத டேப்லெட்டுக்குத்தான் சரி. போன் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேப்லெட்டிலும் தற்செயல் மேக் முகவரி (கருவி தன் நெட்வொர்க் அடையாள எண்ணை மாற்றிக் காட்டும் வசதி) இயங்கினால் ரூட்டர் அதைப் புதுக் கருவியாக எண்ணி விட்டுவிடக்கூடும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

2 முதல் 4 வயதுக்கு ஒரு நாளைக்குத் திரை நேரம் 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டுதல். அந்த வயதில் இந்த ஆப்பெல்லாம் அதிகப்படி. அவர்கள் கைக்குப் போவது பெரும்பாலும் நம் போன்தான்; ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்' போட்டு, வெளியேறும்போது பின் எண் கேட்கும் அமைப்பையும் இயக்கிக் கொடுத்தால், பின் எண் இல்லாமல் அந்த ஒரு ஆப்பை விட்டு வெளியே வர முடியாது.