புதுச்சேரியில் பழம்பொருள் வாங்கப் போகிறவர்களே, கவனம்: 18,500 ரூபாய் போய்விட்டது

ஞாயிற்றுக்கிழமை ஏமாந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எப்படிச் சோதித்து வாங்குவது என்று கடைசியில் சொல்கிறேன்.

பிரெஞ்சுக்காரர் வீதிகள் பக்கம் ஒரு பழம்பொருள் கடை. ஃபிரேம் வைத்த பழைய முதுகுப்பை ஒன்று மாட்டியிருந்தது. எனக்கு அந்தப் பைகள் என்றால் உயிர். 1909இல் நார்வேயின் ஓலே பெர்கன், முதுகின் வளைவுக்கேற்ற ஃபிரேமுக்குக் காப்புரிமை வாங்கினார். 1952இல் கலிஃபோர்னியாவில் டிக் கெல்டி அலுமினியக் குழாய்களைப் பற்றவைத்து ஃபிரேம் செய்தார். அவர் மனைவி வீட்டிலேயே பைகளைத் தைத்தார். பாரத்தைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கும் பட்டைதான் அதன் உயிர்நாடி.

"1968இல் ஆரோவில் தொடங்கியபோது வந்த அமெரிக்கர் விட்டுப்போனது, தம்பி. அசல் கெல்டி" என்றார் கடைக்காரர். பையில் புத்தகங்களை அடுக்கி, என் தோளில் ஏற்றி, இடுப்புப் பட்டையைத் தன் கையாலேயே இறுக்கினார். பாரம் தோளைவிட்டு இறங்கியது. அந்த நொடியில் நம்பிவிட்டேன். 18,500 ரூபாயை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, "நமக்குள் எதற்குத் தம்பி?" என்றார்.

இரவு கடலூர் தேவனாம்பட்டினத்தில் வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் துடைத்தேன். கீழ் வளைவில் வெள்ளிப் பூச்சு நகத்தோடு உரிந்து வந்தது. அடியில் செம்பழுப்புத் துரு. அலுமினியத்தில் ஏது செந்துரு? ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை வைத்தேன், கப்பென்று பிடித்துக்கொண்டது. வெறும் இரும்புக் குழாய்! கெல்டி என்ற துணிச்சீட்டைத் தைத்திருந்த நூல்கூடப் புத்தம் புதியது.

தொலைபேசியில், "பழைய பொருள் என்றால் துரு இருக்கத்தான் செய்யும்" என்றார். மறுமுறை, "வெளியூரில் இருக்கிறேன்." பிறகு எடுக்கவே இல்லை. திங்கட்கிழமை கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். "முதலாளி சென்னைக்குப் போயிருக்கிறார்" என்றான் கடைப்பையன். அவர் செருப்பு வாசலில் கிடந்தது! அரை மணி நேரம் நின்ற பிறகு உள்ளேயிருந்து வந்து, அலமாரிக்குப் பின்னால் தொங்கிய பலகையைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. ஞாயிற்றுக்கிழமை அது என் கண்ணில் படவே இல்லை. 18,500 ரூபாய்க்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

காந்தம் கொண்டுபோங்கள். மூட்டுகளில் பற்றவைப்பைப் பாருங்கள். ரசீது தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இதற்குமேல் எழுத முடியவில்லை, கை நடுங்குகிறது. இதே போல் ஏமாந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து போய்க் கேட்போம்.