முறிந்த வேரோடு வந்த ரோஜா: வெட்டுவதா, விடுவதா?

இங்கிலாந்தில் நவம்பர் முதல் மார்ச் வரை தபாலில் வரும் ரோஜாக்களில் பெரும்பாலானவை 'பேர் ரூட்' செடிகள். இலை உதிர்த்து உறங்கும் செடியைத் தோண்டி, மண்ணை உதறி, ஈரம் காயாமல் பையில் கட்டி அனுப்புவார்கள். தொட்டிச் செடியைவிட விலை குறைவு, ரகங்களும் அதிகம். தோண்டும்போது கத்தி எங்காவது வேரை அறுத்தே தீரும். ஆகவே காயமே இல்லாத செடியை எதிர்பார்ப்பது வீண். அந்தக் காயத்தை என்ன செய்வது என்பதில்தான் தோட்டக்காரர்கள் பிரிந்து நிற்கிறார்கள்.

ஒரு சாரார் எல்லா வேர்களையும் மூன்றில் ஒரு பங்கு சமமாகக் கத்தரிக்கச் சொல்வார்கள். எதையும் தொடாதே என்பது இன்னொரு கட்சி. முறிந்ததை மட்டும் வெட்டு என்பது மூன்றாவது. என் ஓட்டு மூன்றாவதற்கு. தடித்த வேரில்தான் செடி குளிர்காலத்துக்கான மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. வசந்தத்தில் முதல் துளிர் அதைத் தின்றுதான் வருகிறது. அழகுக்காக நல்ல வேரை வெட்டுவது, சம்பளம் வராத மாதத்தில் சேமிப்பைத் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம். தொடாமல் விட்டாலோ, நசுங்கிய நுனி குளிர்ந்த ஈரமண்ணில் அழுகத் தொடங்கும்.

எங்கே வெட்டுவது என்பதை வேரே சொல்லிவிடும். முறிவுக்குச் சற்று உட்புறமாக ஒரு வெட்டு. உள்ளே வெளிறிய நிறமும் ஈரமும் உறுதியும் தெரிந்தால் நிறுத்திவிடலாம். பழுப்பாக, பஞ்சுபோல் அமுங்கினால், அல்லது தோல் மட்டும் கழன்று கையோடு வந்தால், இன்னும் கொஞ்சம் மேலே போக வேண்டும். மொண்ணைக் கத்தரி வேரை மறுபடி நசுக்கும் என்பதால் முதலில் அதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நீளமான நல்ல வேர் குழியில் அடங்காவிட்டால் குழியை அகலமாக்குங்கள், வேரைச் சுருட்டாதீர்கள்.

ஊறவைப்பதில் சண்டைக்குப் பெரிதாக இடமில்லை. 2 மணி நேரமாவது வாளித் தண்ணீரில் இருக்கட்டும்; இரவு முழுவதும் இருந்தாலும் கெடுதல் இல்லை. நாள்கணக்கில் விட்டால் வேர் மூச்சுத் திணறும். முறிந்த வேரைவிடக் காய்ந்த வேரே ஆபத்து. குழி தோண்டும் நேரத்தில் செடியை வெறும் தரையில் போட்டுவைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

வேரில் தூவும் மைக்கோரைசா, அதாவது வேரோடு சேர்ந்து வாழ்ந்து நீரும் சத்தும் எடுக்க உதவும் பூஞ்சையின் தூள், வேரை நேரடியாகத் தொட்டால்தான் பயன். குழியின் அடியில் கொட்டுவது காசுக்குக் கேடு. அதோடு எலும்புத் தூளையும் கலப்பவர்கள் உண்டு. எலும்புத் தூளில் இருப்பது பாஸ்பரஸ்; அது மிகுந்தால் அந்தப் பூஞ்சை வேரோடு சேர்வது குறையும். வெட்டிய வேர் இவை இல்லாமலும் புதுச் சல்லிவேர் விடும்.

உண்மையான போட்டி தரைக்கும் தொட்டிக்கும்தான். வேரில் பாதிக்கு மேல் நலமாக இருந்து, மண் உறையாமலும் நீர் தேங்காமலும் இருந்தால் நேரே தரைக்குப் போகலாம். ஒட்டுக்கட்டிய இடம் (ரோஜா ரகமும் வேர்ச்செடியும் இணையும் முடிச்சு) மண்மட்டத்தில் அமையட்டும், கடுங்குளிர் ஊர்களில் இன்னும் கீழே இறக்குவார்கள். இரண்டொரு குட்டை வேர்தான் மிஞ்சியது என்றால் ஆழமான தொட்டியே மேல். நீரையும் நிழலையும் நம் கைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த இலையுதிர் காலத்தில் தரைக்கு மாற்றலாம். ஆனால் இரக்கப்பட்டு அந்தத் தொட்டியை வீட்டுக்குள் கதகதப்பில் வைத்துவிடாதீர்கள். கிளை சேமிப்பை எடுத்துத் தளதளவென்று துளிர்க்கும். கீழே வேர் இருக்காது. வெயில் ஏறியதும் அந்தத் துளிர் அப்படியே தொங்கிவிடும். வெளியே, காற்று அடிக்காத மூலையே அதற்குப் போதும்.

வேர் குறைந்த செடிக்கு மேலேயும் கவாத்து வேண்டும்: வலுவான கிளைகளை மட்டும் வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மொட்டுக்கணு விட்டு வெட்டலாம். குளிரும் வறண்ட காற்றும் சேர்ந்த அமெரிக்கப் பகுதிகளில், நட்டபின் கிளைகளைச் சுற்றி மண்ணைக் குவித்து, மொட்டு அசையத் தொடங்கியதும் மெல்ல விலக்குவார்கள். பாதி வேர் போன செடிக்கு நான் எந்த ஊரிலும் இதையே செய்வேன்.

வெட்டும் முன் ஒட்டுப்பகுதியைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பான கழலை தட்டுப்பட்டால் அது அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம். வெட்டி எறிந்தாலும் பிளீச்சில் முக்கினாலும் அந்த நோய் குணமாகாது. அந்தச் செடியைத் தரையிலும் நடாமல் தொட்டியிலும் வைக்காமல், படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள்.