கடல்சார் மூட்டுவலி கேப்சூல்கள்: டப்பாவைத் திருப்பிப் பார்த்தால்

முன்பக்கத்தில் ‘மீன் எண்ணெய் 1000 மி.கி.’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். திருப்பினால் பொடி எழுத்தில் இரண்டு வரி: இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120. இரண்டும் ஒமேகா-3 கொழுப்பமிலங்கள். சாதாரண ரகங்களில் பெரும்பாலும் இதே அளவுதான். வீக்கத்தைத் தணிக்கிற சரக்கு இந்த 300 மி.கி. மட்டுமே, மிச்சம் 700 வெறும் கொழுப்பு.

முடக்குவாதக்காரர்களுக்குப் பலன் தெரிந்த ஆய்வுகளில் இரண்டும் சேர்த்து நாளொன்றுக்கு 2.7 கிராம் வாக்கில் கொடுத்திருக்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் 9 கேப்சூல். அறுபது உள்ள டப்பா ஒரு வாரம்கூட வராது. தினம் ஒன்று போட்டுக்கொண்டு “ஒன்றும் தெரியவில்லையே” என்பவர்கள்மேலும் குறையில்லை, எண்ணெய்மேலும் குறையில்லை. அளவுதான் பற்றவில்லை. அடர் ரகம் வாங்கினால் எண்ணிக்கை குறையும். மருத்துவர் சீட்டில் வரும் ரகத்தில் ஒரு கிராமுக்கு இரண்டும் சேர்த்து 840 மி.கி. வரை இருப்பதால் மூன்று நான்கில் கணக்கு முடிந்துவிடும்.

அளவு சரியாக இருந்தாலும் பொறுமை வேண்டும். ஐபுபுரூஃபென் மாதிரி வலி மாத்திரை, வீக்கப் பொருள்களைத் தயாரிக்கும் காக்ஸ் நொதியை நேரடியாக அடைத்துவிடுகிறது, சில மணி நேரத்தில் வலி அடங்கும். மீன் எண்ணெய் போகிற வழி வேறு. நம் செல்களின் சவ்வில் அராக்கிடோனிக் அமிலம் உட்கார்ந்திருக்கிறது. வீக்கத்தைக் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின், லுகோட்ரையீன் எல்லாம் அதிலிருந்துதான் தயாராகின்றன. இ.பி.ஏ. மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதே நொதிகளைத் தானும் பங்குபோடுகிறது. அப்போது உருவாகும் லுகோட்ரையீனுக்கு வீரியம் பல மடங்கு குறைவு. போதாததற்கு, வீக்கத்தை முடித்துவைக்கும் ரிசால்வின்களும் இதே கொழுப்பிலிருந்துதான் பிறக்கின்றன. சவ்வு மாற வாரக்கணக்கில் ஆகும். ஆகவே மூன்று மாதம் முடியும்முன் நல்லது கெட்டது எதுவும் சொல்ல முடியாது. அதுவரை மெத்தோட்ரெக்ஸேட் போன்ற முடக்குவாத மருந்தை நிறுத்திவிட்டு இதை நம்பி உட்காரக் கூடாது. மூட்டு ஒருமுறை அரித்துப்போனால் திரும்பி வராது.

வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை: ஒரு கேப்சூலை ஊசியால் குத்தி, விரலில் ஒரு சொட்டு எடுத்து முகர்ந்து பாருங்கள். லேசான மீன் வாடை இருக்கலாம். பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்த மாதிரி காறலடித்தால் எண்ணெய் கெட்டுவிட்டது. உற்பத்தியாளர் சோதனை அறிக்கை தந்தால், எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் மூன்று எண்களைத் தேடுங்கள்: பெராக்சைடு 5, அனிசிடின் 20, டோட்டாக்ஸ் 26. இவற்றைத் தாண்டக் கூடாது என்பது இந்தத் தொழில்துறையினர் வைத்துக்கொண்ட வரம்பு. பெராக்சைடை இரட்டித்து அனிசிடினைக் கூட்டினால் டோட்டாக்ஸ். எலுமிச்சை வாசனை சேர்த்த எண்ணெயில் இரண்டு சிக்கல்: காறல் மூக்குக்குத் தெரியாது, அனிசிடின் கணக்கும் வாசனைப் பொருளால் பிசகும். வாசனை சேர்க்காததே மேல்.

தெர்மகோல் கப்பில் எண்ணெயை ஊற்றி ஓட்டை விழுகிறதா என்று காட்டும் வீடியோக்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எத்தில் எஸ்டர் என்ற வேதி வடிவில் உள்ள எண்ணெய் தெர்மகோலைக் கரைக்கும், அவ்வளவுதான் விஷயம். அது போலி என்பதற்கு அத்தாட்சி இல்லை. மேலே சொன்ன சீட்டு மருந்தும் எத்தில் எஸ்டர்தான். ஆனால் வெறும் வயிற்றில் அது சரியாக உட்கிரகிக்காது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு, இரண்டு வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். மீன் ஏப்பமும் குறையும்.

மீன் ஈரல் எண்ணெயை வைத்து இந்த 2.7 கிராமை எட்டப் பார்க்காதீர்கள். அதில் வைட்டமின் ஏ கூடவே வரும். அளவு ஏறினால் ஈரலுக்குக் கேடு, கர்ப்பிணிகளுக்குக் கண்டிப்பாக ஆகாது.

அடுத்தது கிரில் என்ற, இறால் போன்ற சிறு கடலுயிரின் எண்ணெய். சிவப்பாக, சின்னதாக, விலை கூடுதலாக இருக்கும். கொழுப்பு பாஸ்போலிப்பிட் என்ற வடிவில் இருப்பதால் நன்றாக உறிஞ்சும் என்கிறார்கள். ஆனால் மூட்டுத் தேய்மானத்தோடு வீக்கமும் இருந்த முழங்கால்களில், நாளுக்கு 2 கிராம் வீதம் 24 வாரம் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு 2024-இல் வந்தது. வெற்று மாத்திரையைவிட வலி கூடுதலாகக் குறையவில்லை. மூட்டுக்காக இதை வாங்கக் காரணம் இல்லை.

நியூசிலாந்தின் பச்சை உதட்டு மட்டியைப் பற்றி அவ்வளவு கறாராகச் சொல்ல முடியாது. இரண்டு ரகம் கிடைக்கிறது: உறைநிலையில் உலர்த்திய பொடி, கார்பன் டை ஆக்சைடு கொண்டு பிரித்த கொழுப்புச் சாறு. பொடியில் கொழுப்பு கொஞ்சம்தான். லிப்ரினால் என்ற சாறு ரகத்தில் ஒரு கேப்சூலுக்கு 50 மி.கி. சாறு, மிச்சம் பெரும்பாலும் ஆலிவ் எண்ணெய். 1980-களிலிருந்தே சோதிக்கிறார்கள், முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. இறால், நண்டு, சிப்பி ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

‘கடற்பஞ்சிலிருந்து’, ‘பவளத்திலிருந்து’ என்று விளம்பரம் வந்தால் கூடுதல் உஷார். லுஃபாரியெல்லா என்ற கடற்பஞ்சில் 1980-இல் பிரித்த மனோவாலைடு, அராக்கிடோனிக் அமிலத்தை வெளியேற்றும் நொதியையே முடக்கியது. சொரியாசிஸ் பூச்சாக மனிதர்களிடம் சோதனைவரை போய், தோலுக்குள் போதிய அளவு இறங்காததால் நின்றுவிட்டது. கரீபியன் கடலில் உள்ள கடல்சவுக்கு என்ற மென்பவளத்திலிருந்து எடுத்த சூடோப்டெரோசின், எஸ்டீ லாடரின் முகப்பூச்சில் சேர்ந்தது. அழகுசாதனமாகத்தான், மருந்தாக அல்ல. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சரக்கையெல்லாம் சோதிக்க எலியின் பாதத்தில் வீக்கத்தை வரவழைப்பதே கராகீனன் ஊசி போட்டுத்தான். அதுவும் சிவப்புக் கடற்பாசிச் சரக்குதான்! கடலில் இருந்து வந்தது என்பதால் வீக்கம் தணியும் என்று ஆகிவிடாது.

வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், இதயத் துடிப்பு தாறுமாறாகிற கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் பெரிய அளவுக்குப் போகக் கூடாது. ஒமேகா-3 நாளுக்கு ஒரு கிராமுக்கு மேல் போகும்போது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு சற்று அதிகமாக வருவது பெரிய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

மீன் எண்ணெய், மட்டிப் பொடி, கடற்பாசிச் சாறு, சுறாக் குருத்தெலும்பு எல்லாம் ஒரே கேப்சூலில், ‘தனிச்சிறப்புக் கலவை 500 மி.கி.’ என்று மொத்தமாகப் போட்டு, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாத டப்பா கையில் வந்தால், அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.