மூட்டுவலிக்கு மஞ்சள்–வைட்டமின் மாத்திரை: வாங்கும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

குர்குமின் (மஞ்சளில் உள்ள முக்கியப் பொருள்), போஸ்வெல்லியா (ஒரு வகை மரப்பிசின்), வைட்டமின் டி3 சேர்ந்த மாத்திரைகள் மருந்துக்கடைகளில் நிறையவே கிடைக்கின்றன. அட்டையில் ‘மஞ்சள்தூள் 500 மி.கி.’ என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அதாவது 15 மி.கி. ‘சாறு (extract), 95% குர்குமினாய்டு’, அதாவது குர்குமினும் அதன் இனப் பொருள்களும், என்றிருந்தால் அதே எடையில் 475 மி.கி. தேறும். மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் உடம்பில் கூடுதலாக ஏறும்; கூடவே சாப்பிடும் வேறு மருந்துகளின் அளவையும் ஏற்றிவிடும், கவனம்.

வெறும் வயிற்றில் விழுங்குவதுதான் பலர் செய்யும் தவறு. குர்குமினும் டி3-யும் கொழுப்போடுதான் நன்றாகச் சேரும். நெய்யோ எண்ணெயோ உள்ள சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். பாராசிட்டமால் மாதிரி ஒரு மணி நேரத்தில் கேட்காது, சில வாரம் பிடிக்கும். வார்ஃபரின் (ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து) எடுப்பவர்களும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கண் மஞ்சளித்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.