நாக்ஸோஸ் ஹோராவா, எர்மூபொலியா? கிரேக்கத் தீவில் எந்த ஊரில் தங்கலாம்

கிரேக்கத் தீவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையைப் பார்த்துத்தான் தீவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. கடலில் கிடப்பது அதிகம் போனால் மூன்று மணி நேரம். மீதி நேரமெல்லாம் நடப்பது, சாப்பிடுவது, சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது எல்லாமே ஊரில்தான். சைக்ளாடீஸ் தீவுக்கூட்டத்தில் தலைநகரை அநேகமாக எல்லாத் தீவிலும் ‘ஹோரா’ என்றே சொல்கிறார்கள், நாம் பெயரே சொல்லாமல் ‘ஊருக்குப் போகிறேன்’ என்போமே, அதுபோல. சீரோஸ் தீவின் எர்மூபொலி இதில் சேராது, அதற்குத் தனிப்பெயர், தனி வரலாறு.

மைகொனோஸ் ஹோராவை முதலில் பேசி முடித்துவிடுகிறேன். அழகில் குறையே சொல்ல முடியாது. ஐந்து சிற்றாலயங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து ஒரே சுண்ணாம்புக் குன்றாகிவிட்ட பரபோர்த்தியானி, மேட்டில் வரிசையாக நிற்கும் காற்றாலைகள், வளைந்து வளைந்து போகிற வெள்ளைச் சந்துகள் எல்லாம் படத்தில் பார்த்தது போலவே இருக்கும். ஆனால் காலை பத்து மணிக்குமேல் சொகுசுக் கப்பல் கூட்டம் இறங்கிவிட்டால் சந்தில் நின்று எதையும் பார்க்க முடியாது, விலையும் கையைக் கடிக்கும். சான்டோரினியின் தலைநகர் ஃபிராவும் இதே கதைதான். 2025 ஜூலையிலிருந்து இந்த இரண்டு தீவுகளுக்கும் அப்படிக் கப்பலில் வந்து இறங்குகிறவர்களிடம் கோடை உச்சத்தில் தலைக்கு 20 யூரோ வாங்குகிறார்கள், நெரிசல் அந்த அளவுக்குப் போய்விட்டது. மைகொனோஸில் இறங்குவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல காரணம் டெலோஸ் தீவு: அரை மணி நேரப் படகில் ஒரு முழு பழங்கால நகரமே கிடக்கிறது.

சரி, உண்மையான போட்டி நாக்ஸோஸ் ஹோராவுக்கும் எர்மூபொலிக்கும்தான்.

இரண்டுக்கும் விமானத்தில் போகலாம், ஆனால் போகாதீர்கள். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பலில் சீரோஸுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம், நாக்ஸோஸுக்கு ஐந்துக்குமேல். கடலிலிருந்து பார்க்கும்போதுதான் இந்த ஊர்கள் முகம் காட்டும். நாக்ஸோஸில் முதலில் தெரிவது ஒரு வாசல். வாசல் மட்டும். கோயில் இல்லை. போர்த்தாரா என்கிற இந்தப் பளிங்கு நிலைவாசல் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் லிக்தாமிஸ் என்கிற ஆட்சியாளன் தொடங்கிய கோயிலுக்கு வைத்தது. அவன் ஆட்சி கவிழ, வேலை அப்படியே நின்றுவிட்டது. கிட்டே போய்த் தொட்டுப் பாருங்கள், செதுக்கி மழிக்காமல் விட்ட முண்டுகள் கல்லில் இன்னமும் துருத்திக்கொண்டிருக்கின்றன. 2500 வருடமாக யாரோ சாப்பிடப் போனவர் திரும்பி வந்து உளியை எடுப்பார் என்று காத்திருப்பது போல எனக்குத் தோன்றியது. மாலையில் சூரியன் மறைவதைப் பார்க்க அங்கே பெருங்கூட்டம் கூடும். நான் விடிகாலையில் போனேன், நானும் இரண்டு பூனைகளும் மட்டும்தான்.

அந்தக் கோயிலின் மற்ற கற்கள் எங்கே என்றால், மேலே காஸ்ட்ரோவில் என்பார்கள். 1207-ல் மார்க்கோ சனுடோ என்கிற வெனிஸ்காரர் தீவைப் பிடித்து, இங்கிருந்தே சுற்றுவட்டத் தீவுகளையும் ஆண்டார். குன்றின் உச்சியில் அவர் எழுப்பிய கோட்டைக் குடியிருப்புதான் காஸ்ட்ரோ. வெனிஸ் குடும்பங்களின் சின்னம் பொறித்த வாசல்களும் கத்தோலிக்கப் பேராலயமும் உள்ளே. அதற்குக் கீழே புர்கோஸ், கிரேக்கர்கள் வாழ்ந்த பகுதி: குகை மாதிரி வளைவுகள், தலையில் இடிக்கிற மாதிரித் தாழ்ந்த கூரை, திடீரென்று ஒரு படிக்கட்டு. அரை மணி நேரம் வழி தவறித் திரிந்தேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

எர்மூபொலிக்கு இந்தப் பழமை கிடையாது. கப்பல் உள்ளே திரும்பும்போது எதிரே இரண்டு குன்றுகள்: இடப்பக்கம் உச்சியில் கத்தோலிக்கப் பேராலயத்தோடு ஆனோ சீரோஸ், வலப்பக்கம் உச்சியில் ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தோடு வ்ரொந்தாடோ. கீழே கடல்வரைக்கும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக வீடுகள். வெள்ளையடித்த தீவை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஒரு கணம் குழம்பிப்போவார்கள். ஆனோ சீரோஸ் மட்டும்தான் இடைக்காலத்தது; கீழே உள்ளதெல்லாம் 1820-களில் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிரான கிரேக்க விடுதலைப் போரின்போது கியோஸ், ப்சாரா, ஸ்மிர்னா போன்ற இடங்களிலிருந்து உயிர் பிழைத்து ஓடிவந்த அகதிகள் கட்டியது. சீரோஸ் கத்தோலிக்கர்களுக்கு பிரான்ஸின் பாதுகாப்பு இருந்ததால் போர் தீவைத் தீண்டவில்லை. வந்தவர்கள் வியாபாரிகள், மாலுமிகள். ஊருக்கு வணிகக் கடவுள் ஹெர்மிஸின் பெயரையே வைத்தார்கள். சில பத்தாண்டுகளில் கிரேக்கத்தின் முதன்மைத் துறைமுகமே இதுதான் என்றானது, பிறகு பிரேயஸ் மேலேறி இதை முந்தியது.

எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் ஒரு தலைமுறைக்குள் இப்படி ஒரு ஊரை எழுப்பினார்கள் என்பது அந்தத் தெருக்களில் நடக்கும்போது நெஞ்சைப் பிடிக்கிறது. 1864-ல் இத்தாலிய பாணியில் அப்போலோ நாடக அரங்கம். எர்ன்ஸ்ட் சில்லர் வடிவமைத்து 1876-ல் தொடங்கிய நகராட்சிக் கட்டடம் மியாவுலி சதுக்கத்தையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. சதுக்கத்தின் தரை முழுக்கப் பளிங்கு, தேய்ந்து தேய்ந்து தண்ணீர் மாதிரி மின்னும்; சாயங்காலம் பையன்கள் அதில் பந்து விளையாட, தாத்தா பாட்டிகள் காபியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே இருந்தவர்களில் சுற்றுலாக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். சைக்ளாடீஸுக்கே நிர்வாகத் தலைநகர் இது, அலுவலகங்கள், பல்கலைக்கழகத் துறை, கப்பல் பட்டறை எல்லாம் இருப்பதால் நவம்பரிலும் கடை திறந்திருக்கும். நாக்ஸோஸ் ஹோராவின் கடல்முகப்பில் அந்த நேரம் பாதிக்குமேல் மூடியிருக்கும்.

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கன்னி மரியாளின் துயில் ஆலயம் இருக்கிறது, தவறவிடாதீர்கள். உள்ளே ஒரு சின்னத் திருவோவியம். ஊர்க்காரர்கள் காலங்காலமாக முத்தமிட்டுக் கும்பிட்டு வந்த அதில், 1983-ல்தான் ஓவியத்திலுள்ள மெழுகுவர்த்தித் தண்டின் அடியில் புகழ்பெற்ற ஓவியர் எல் கிரேக்கோவின் கையெழுத்து இருப்பதைக் கண்டார்கள். தன் சொந்தத் தீவான கிரீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் இளவயதில் அவர் வரைந்தது. டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது. என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா சிலுவை போட்டுக்கொண்டு காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆனோ சீரோஸுக்கு ஏறுவது முழங்காலைச் சோதிக்கும், பஸ்ஸில் மேலே போய்ப் படிகளில் இறங்கி வாருங்கள். ரெபெதிகோ என்கிற கிரேக்க நகர்ப்புற நாட்டுப்பாடல் இசையின் பெரிய பெயரான மார்கோஸ் வம்வகாரிஸ் 1905-ல் பிறந்தது இங்கேதான். இந்தத் தீவில் கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸும், பெரும்பாலும் வேறு வேறு நாளில் வரும் ஈஸ்டரை, ஒரே நாளில் கொண்டாடுகிறார்கள், முடிந்தால் அந்த வாரம் போங்கள்.

கடல் விஷயத்தில் நாக்ஸோஸ் ஜெயிக்கிறது, பேச்சே இல்லை. ஊரிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் அயியோஸ் கியோர்கியோஸ், நெடுந்தூரம் முழங்கால் ஆழம்தான், குழந்தைகளை நிம்மதியாக விடலாம். எர்மூபொலியில் வபோரியா என்கிற பழைய கப்பல் கேப்டன்களின் வீடுகளுக்குக் கீழே சிமெண்ட் மேடையிலிருந்து நேராக ஆழத்தில் இறங்க வேண்டும். நீந்தத் தெரிந்தவர்களுக்கு அது சொர்க்கம், தெரியாதவர்கள் பஸ் பிடித்து கலிஸ்ஸாஸ் போகணும்.

சாப்பாட்டிலும் நாக்ஸோஸுக்கு ஒரு படி கூட. விவசாயத் தீவு அது, உருளைக்கிழங்குக்கும் கிராவியேரா பாலாடைக்கட்டிக்கும் கிரீஸ் முழுக்கப் பெயர். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஃபாவா பருப்பு மசியல், சோறு அடைத்த தக்காளி, பெரிய பீன்ஸ் என்று சமாளிக்கலாம். ‘நிஸ்தீசிமா’ என்று கேட்டால் நோன்புச் சாப்பாடு காட்டுவார்கள், இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் கணவாயும் இறாலும் நோன்பில் சேர்த்தி, அதனால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். இனிப்பில் மட்டும் சீரோஸ்தான்: ரோஜா மணக்கும் லுகூமி என்கிற மெதுமெதுப்பான மிட்டாய், அப்புறம் மெல்லிய அப்பளம் போன்ற இரண்டு தகடுகளுக்கு நடுவே தேனும் பாதாமும் வைத்த ஹல்வதோபிதா.

சின்னக் குழந்தைகளோடு ஒரு வாரம் போகிறீர்கள் என்றால் நாக்ஸோஸ். பெரியவர்கள் மட்டும், மூன்று இரவு, ஊர்தான் முக்கியம் என்றால் யோசிக்காமல் எர்மூபொலி. இரண்டும் வேண்டும் என்றால் இடையில் நேரடிக் கப்பல் எல்லா நாளும் இருக்காது, பாரோஸில் மாறிப் போகலாம். ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி என்கிற வடக்குக் காற்று வலுத்தால் கப்பல் கிளம்பவே தடை போட்டுவிடுவார்கள். நாக்ஸோஸில் எனக்கு அப்படி ஒரு நாள் போனது, ஏதென்ஸிலிருந்து பிடிக்க வேண்டிய விமானமும் போனது. ஊர் திரும்புகிற விமானத்துக்கும் கடைசிக் கப்பலுக்கும் நடுவில் முழுதாக ஒரு நாள் விட்டு டிக்கெட் போடுங்கள்.