ஸ்டியரிங் இறுகினால் ஸ்டியரிங் காலம் (column) மாற்றச் சொல்கிறார்களா? ஸ்பீடு சிக்னலைப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்

ஒரு டாக்ஸி செடான், எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங். ஓட்டத்தில் ஸ்டியரிங் லைட் எரிந்தது, பார்க்கிங்கில் திருப்பினால் கை வலிக்கிற அளவுக்கு இறுக்கம். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகி, "மோட்டார் போச்சு, காலம் அசெம்பிளியே மாத்தணும்" என்றார்கள். காலம் என்பது ஸ்டியரிங் வீலிலிருந்து இறங்கும் தண்டு, உதவி மோட்டாரும் அதோடு சேர்ந்தது. பில் 41,500 ரூபாய். டெலிவரி எடுக்கும்போது லைட் இல்லை, ஸ்டியரிங் பஞ்சு மாதிரி சுற்றியது. 6 கிலோமீட்டர் போனதும் அதே லைட், அதே இறுக்கம். திரும்பப் போய்க் கேட்டால், "புது பார்ட்டுண்ணே, செட் ஆக நாலு நாள் ஆகும்." பழைய காலம் எங்கே? "ஸ்கிராப்ல போட்டாச்சு."

ஏமாற்று அந்த 6 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. வேக சிக்னல் வருகிறதா என்பதை நிற்கிற வண்டியில் ஸ்டியரிங் கன்ட்ரோலரால் (மோட்டாரை இயக்கும் மாட்யூல்) கண்டுபிடிக்க முடியாது. எஞ்சின் ஆர்.பி.எம். ஏறியிருந்தும் வேகம் பூஜ்யம் என்றே கொஞ்ச நேரம் நீடித்தால்தான் எரர் கோடு (error code) பதியும். அந்த எரர் கோடை அழித்துவிட்டு ஷெட்டிலேயே சாவியைக் கொடுத்தால் இந்தக் கோளாறுள்ள எந்த வண்டியும் சரியான மாதிரிதான் தெரியும். ரோடு டெஸ்ட் இல்லாமல் டெலிவரி எடுக்காதீர்கள்.

காலம் நன்றாக இருந்தும் ஏன் இறுகியது? மெதுவாகப் போகும்போது மோட்டார் அதிகம் உதவும், வேகம் ஏற ஏற உதவியைக் குறைத்துக்கொள்ளும். வேகம் தெரியாமல் போனால் பல வண்டிகளில் கன்ட்ரோலர் ஹைவே ஓட்டத்துக்கான குறைந்த உதவியோடு நின்றுவிடும். வண்டி பறக்கும்போது ஸ்டியரிங் லேசாகிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது.

இந்த வண்டியில் ஸ்பீடோமீட்டர் முள்ளும் அவ்வப்போது பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தது. எஞ்சின் கன்ட்ரோலரில் பி0500 கோடு, அதாவது வேக சென்சார் கோளாறு, உட்கார்ந்திருந்தது. ஸ்டியரிங் மாட்யூலை மட்டும் படித்தவர்கள் இதைத் திறந்தே பார்க்கவில்லை. ஸ்டியரிங், ஸ்பீடோமீட்டர், எஞ்சின் கன்ட்ரோலர் மூன்றும் ஒரே வேக சிக்னலை வாங்குபவை. மூன்றும் சேர்ந்து தடுமாறினால் கோளாறு ஸ்டியரிங்கில் இருக்க வாய்ப்பே குறைவு.

பார்க்க வேண்டிய முறை இது. கியர்பாக்ஸ் மேல் மூன்று வயர் ஹால் சென்சார் (காந்தத்தை வைத்துச் சுழற்சியை உணரும் வேக சென்சார்) உள்ள முன்சக்கர இழுவை வண்டி என்றால், பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். நியூட்ரல், சாவி ஆன், எஞ்சின் ஆஃப். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கனெக்டரின் பின்பக்கமாக சிக்னல் வயரைத் தொட்டுக்கொண்டு சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். வோல்ட் ஏறி, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். மேலே 5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பது வண்டியைப் பொறுத்தது. 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்க மறுத்தால் எர்த்தைப் பாருங்கள். சென்சாரைக் கழற்றிய பிறகும் சிக்னல் வயரில் வோல்ட் இல்லையென்றால் வயர் அறுந்திருக்கிறது, அல்லது வழியில் ஏதோ ஒன்று அதை எர்த்துக்கு இழுக்கிறது.

அந்த "ஏதோ ஒன்று" டாக்ஸிகளில் பெரும்பாலும் ஸ்பீடு கவர்னர், அதாவது வண்டியை 80 கி.மீ. வேகத்தைத் தாண்டவிடாத கருவி. இங்கேயும் அதுதான். சிக்னல் வயரைச் சீவி, கவர்னர் வயரை முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப். டேப்பைப் பிரித்தால் பசை ஈரமாக, செம்பு பச்சை பூத்து, நான்கைந்து இழைகள்தான் மிச்சம். அந்த இணைப்பை வெட்டி, ஈயம் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டதும் லைட் போனது, முள்ளும் நிலைத்தது. செலவு சில நூறு ரூபாய். கவர்னரைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை, சட்டப்படி அது இருக்கத்தான் வேண்டும். ஜாயின்ட்தான் ஒழுங்காக இருக்க வேண்டும்.

புது வண்டிகளில் வேகம் ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் பார்க்கும் அமைப்பு) மாட்யூலிலிருந்து கேன் லைன் (CAN, மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் இரட்டை வயர்) வழியாக வரும். யு0121 கோடு இருந்தால் ஏ.பி.எஸ்.ஸோடு தொடர்பு அறுந்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றி கேன் ஹை, கேன் லோ இரண்டுக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் அருகே வர வேண்டும். 120 காட்டினால் லைனின் ஒரு முனையில் உள்ள ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது.

காலம் மாற்றச் சொன்னால் முதலில் மூன்றைக் கேளுங்கள்: எரர் கோடை அழிப்பதற்கு முன் எல்லா மாட்யூலின் ஸ்கேன் ரிப்போர்ட் போட்டோ, ஓட்டத்தில் ஸ்டியரிங் மாட்யூல் லைவ் டேட்டாவில் (ஸ்கேனரில் அந்த நேரத்தில் ஓடும் அளவுகள்) காட்டும் வேகம், கழற்றிய பழைய பார்ட். மீட்டரில் 40 ஓடும்போது லைவ் டேட்டாவில் 0 என்றால் காலத்தில் கைவைக்கவே விடாதீர்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள் பில்லையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம் அவகாசம் உண்டு.