நாட்டுக் கனகாம்பரமா, டெல்லியா, டிசம்பர் பூவா?

மதினி புது வீட்டுக்குக் குடிபோன கையோடு கேட்டார்: "வாசல் ஓரம் நாலடி இடம் கிடக்கிறது. தலைக்கு வைக்கிற பூவாக, வருடக்கணக்கில் நிற்கிற செடியாக ஒன்று சொல்லுங்கள்." மல்லிகை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அதற்கு முழு வெயில் வேண்டும். மாடி நிழல் விழுகிற இடத்தில் வெறும் இலையாகத்தான் நிற்கும். அரை நிழலிலும் பூக்கிற, நம் மண்ணுக்கே உரிய செடி என்றால் கனகாம்பரம். தென்னிந்தியாவும் இலங்கையும் அதற்குத் தாய்வீடு. போட்டிக்கு நிற்பது அதே குடும்பத்து டிசம்பர் பூ. கனகாம்பரத்திலேயே நாட்டு ரகம், டெல்லி ரகம் என்று ஒரு பங்காளிச் சண்டையும் இருக்கிறது.

டிசம்பர் பூவை முதலில் முடித்துவிடலாம். ஊதா, ரோஸ், வெள்ளை, கோடு போட்டது என்று நிறத்துக்குக் குறைவில்லை. வெளிநாட்டார் இதற்குப் 'பிலிப்பைன் வயலட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செடியோ இந்தியாவுக்கு உரியது. குச்சியை ஒடித்து ஈர மண்ணில் குத்தினால் போதும், பிழைத்துக்கொள்ளும். குறை என்னவென்றால், கார்த்திகை மார்கழியில் கொட்டித் தீர்த்துவிட்டு மற்ற மாதங்களில் சும்மா நிற்கும். காலையில் வைத்த சரம் சாயங்காலம் துவண்டுபோகும். சுவர் ஓரத்துக்கு நல்ல செடி. தினப்படி பூவுக்கு ஆகாது.

கனகாம்பரம் அப்படியில்லை. மணம் கிடையாது, உண்மைதான். ஆனால் தொடுத்த சரம் மறுநாளும் முகம் வாடாது. ஐந்து மடலும் ஒரே பக்கமாக விரிந்து, கைக்கு அடக்கமான ஓலை விசிறிபோல் இருக்கும். அடியில் நூல் போன்ற நீண்ட காம்பு, கண்ணி போடுவதற்கென்றே செய்த மாதிரி. கதிரில் கீழிருந்து மேலாக ஓரிரண்டு பூக்களாகத் திறப்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தால் போதும். எடைதான் ஒன்றுமே இல்லை. ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 15,000 பூ வேண்டும். முகூர்த்த நாளில் பூக்கடைக்காரர் சொல்கிற விலைக்கு இதுவும் ஒரு காரணம்.

டெல்லிக் கனகாம்பரத்தின் அழகை நான் மறுக்கவில்லை. பூ பெரியது, நிறம் அடர்த்தி. சரத்தில் தூக்கிக் காட்டும். ஆனால் அது வழக்கமான இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்ட ரகம், அதனால் விதை பிடிக்காது. குச்சி வைத்துத்தான் பெருக்க வேண்டும். அதாவது தோட்டத்தில் பத்துச் செடி நின்றாலும் அத்தனையும் ஒரே செடியின் நகல். ஒன்றுக்கு ஆகாதது எல்லாவற்றுக்கும் ஆகாது. நான் ஒரு நாற்றுப்பண்ணையிலிருந்து ஆறு செடி வாங்கி வைத்தேன். முதல் வருடம் தெருவே நின்று பார்த்தது. இரண்டாம் வருடம் இலை வெளுத்தது, கதிர் குட்டையானது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க மிளகு மிளகாக முடிச்சு. நூற்புழு, மண்ணில் இருந்துகொண்டு வேரைத் தாக்கும் நுண்புழு. பையில் இருந்த மண்ணோடு வந்ததா, எங்கள் மண்ணிலேயே இருந்ததா என்று இப்போது வழக்குப் பேசிப் பயனில்லை. நூற்புழு கடித்த வேரில் வாடல் நோயும் சுலபமாக ஏறும். மழைக்காலம் முடிவதற்குள் ஆறும் போய்விட்டன.

நாட்டு ரகத்துக்கு நூற்புழு வராது என்று சொன்னால் பொய். அதற்கும் வரும். ஆனால் அது வாரிசு வைத்துவிட்டுப் போகிறது. காய்ந்த கதிர் ஒன்றை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் 'டப்' என்று வெடித்து விதை முகத்தில் தெறிக்கும். தோட்டத்தில் மழை பெய்தாலும் இதே கதைதான். அடுத்த மாதம் செங்கல் இடுக்கில்கூட நாற்று நிற்கும். அதைப் பெயர்த்து வேறு இடத்தில் நட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கதிர் விடும். எங்கள் வீட்டில் இப்போது பன்னிரண்டு செடி; விலைக்கு வாங்கியது இரண்டுதான்.

நடும்போது குழிக்கு ஒரு கை வேப்பம்புண்ணாக்கு, மக்கிய தொழுவுரம். இடையிடையே துலுக்கச் சாமந்தி. அதன் வேர் நூற்புழுவை மட்டுப்படுத்தும். தண்ணீர் தேங்கக் கூடாது. பூத்து ஓய்ந்த கதிரைக் கிள்ளிவிடுங்கள், விதைக்கென்று நாலைந்தை மட்டும் விட்டு.

மதினிக்கு டெல்லி மேல்தான் கண். சரி என்று இரண்டு குச்சியைப் புது மண் நிரப்பிய தொட்டியில் வைத்துக் கொடுத்தேன். தரையில் நாட்டு நாற்று எட்டு. டிசம்பர் பூ சுற்றுச்சுவர் ஓரம் போயிற்று. தை பிறந்ததும் அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடச் சொல்லியிருக்கிறேன்.